ரோச் மூடி வைக்கும் படங்கள்

8-2-1949, செவ்வாய்

கொழும்புத் தோணிகள் இரண்டுக்கும் காகிதம் முடித்துக் கொடுத்துவிட்டு, துறைமுக ஆபீசிலிருந்து நேரே தேவதாசனின் அச்சுக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் போடப் போகிறேன் என்று ஆறு மாதமாக வாயால் பந்தல் போட்டுக்கொண்டிருந்த மனிதர், இன்று தாளே வாங்கி அடுக்கிவிட்டார். எட்டு வினோத மிருகங்கள், எட்டுக் கதைகள். கதைகள் நான் கொடுத்தவை. நான் ‘டிராகன்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘வலுசர்ப்பம்’ என்று போட்டார். கிறிஸ்தவர்கள் வேதத்தில் அப்படித்தானாம்.

படம் போட ரோச் என்று ஒருவனைப் பிடித்திருக்கிறார். தோணிகளுக்குப் பெயர் எழுதுகிறவன், மாதா கோவில் சுரூபச் சிலைகளுக்கு வர்ணம் அடிக்கிறவன். இவனா?

நாற்பத்து நாலு வயதாகிறது. ஆபீஸ் ரிஜிஸ்தரைத் தவிர என் பெயரை யாரும் எங்கும் எழுதியதில்லை. இனி அட்டையில் வரும்: எஸ். ஆறுமுகநயினார். சண்முகவடிவிடம் சொன்னேன். “அட்டையில உங்க பேரு பெருசா, பாம்பு பெருசா?” என்று கேட்டாள். பெண்டாட்டியிடம் எதையும் சொல்லக்கூடாது.

14-2-1949

ரோச் முதல் படத்தை, வலுசர்ப்பத்தை, கொண்டுவந்தான். தேவதாசன் வாயைப் பிளந்துவிட்டார். நானும்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. சிறகு விரியும் இடத்தில் ஒவ்வொரு மூட்டும் தெரிகிறது. தாடைக்குள் இரண்டு வரிசைப் பல். ரப்பர் போட்டு அழித்த தடம் ஒன்றுகூட இல்லை. உலகத்தில் இல்லாத மிருகத்தை ஒருவன் இப்படி வரைவானா? எதையோ பார்த்துப் போடுகிறான்.

“எங்க பாத்து வரைஞ்சே?” என்று கேட்டேன்.

“கண்ணுல பட்டதுதான் அண்ணாச்சி” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

17-2-1949

சொல்லாமல் கொள்ளாமல் அவன் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் படத்தின் மேல் துணியை இழுத்துப் போட்டான்!

“இன்னும் கண்ணு போடல அண்ணாச்சி. கண்ணு போடுத வரைக்கும் யாருக்கும் காட்ட மாட்டேன்.”

நல்ல சாக்கு. துணிக்கு அடியில் ஏதோ வெளிநாட்டுப் புத்தகம் விரித்து வைத்திருக்கிறான், சத்தியம் பண்ணுவேன். கிளம்பும்போது அவனாகவே ஒன்று கேட்டான்: “ரெண்டாம் கதையில அந்த மிருகம் பனிக்குள்ள வளை தோண்டிப் படுக்குன்னு எழுதியிருக்கியளே, பனியில எப்படி அண்ணாச்சி தோண்டும்?”

ஏன் கேட்டான்? ஒன்றும் தெரியாமல் கேட்டானா, எல்லாம் தெரிந்து கேட்டானா?

18-2-1949

டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அது இருக்கிறது. மேலே வைத்த வேட்டியின் மடிப்பு மட்டும் நான் வைத்த மாதிரி இல்லை. சண்முகவடிவு சாவியை எடுத்தாளா? போன ஞாயிறு கதைத் தாள் வாங்க ரோச் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேனே?

20-2-1949

இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் துறைமுகத்தில், கேட்பாரில்லாத சாமான்கள் ஏலத்தில், ஒரு இங்கிலீஷ் சிறுவர் புத்தகம் வாங்கினேன். எட்டுக் கதைகளும் அதில் இருப்பவை. நான் தமிழ்ப்படுத்தினேன். அவர்கள் ராஜாவைப் பாண்டியன் ஆக்கினேன், கோட்டையைக் கொற்கைக்குக் கொண்டுவந்தேன். ஊரில் எத்தனை பேர் செய்கிறார்கள்! பனியை மாற்றத்தான் மறந்துவிட்டேன்.

மொழிபெயர்ப்பு என்று சொல்லியிருக்கலாமே? சொன்னால் என் பெயர் உள்ளே எங்கோ எறும்பு சைஸில் வரும்.

24-2-1949

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ரோச்சுக்குத் தெரியும் என்றே தோன்றியது. அவன் முந்துவதற்குள் நான் முந்த வேண்டாமா? இன்று தேவதாசனிடம் சொல்லிவிட்டேன். படங்களெல்லாம் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடித்தவை, நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் உங்களுக்குத்தான் மானக்கேடு என்றேன்.

“என்னவே சொல்லுதீரு! ரோச்சா?” என்று கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, “பாளையங்கோட்டைக் காலேஜுல என் மச்சினன் வாத்தியாரா இருக்கான். வலுசர்ப்பத்தப் பத்தி எத்தன படப் புத்தகம் கெடைக்கோ அத்தனையும் அனுப்பச் சொல்லி இன்னைக்கே காயிதம் போடுதேன். ஒத்துப் பாத்துருவோம். அதுவரைக்கும் ரோச்சு வரைய வேண்டாம்.”

இதை நான் நினைக்கவில்லை.

25-2-1949

உலகத்தில் எத்தனையோ புத்தகங்கள். அதே புத்தகம் பாளையங்கோட்டையில் எதற்கு இருக்கப்போகிறது?

27-2-1949

ரோச் வீட்டுக்கு வந்தான். “ஐயா படத்த நிறுத்தச் சொல்லிட்டாவ அண்ணாச்சி. என்ன கொறைன்னு சொல்ல மாட்டேங்காவ. நீங்க ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க.” என்னிடம்! போயும் போயும் என்னிடம்! அவன் பெண்சாதி மெட்டில்டா, புருஷன் பெயர் புத்தகத்தில் வரப்போகிறது என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாளாம். சண்முகவடிவு கொடுத்த காப்பியைக் குடிக்காமலே போனான்.

ஒருவேளை நடிக்கிறானோ?

3-3-1949

விடியற்காலையில் அவன் பின்னாலேயே போனேன். காப்பி அடிக்கிறான் என்பதற்கு ஒரு அத்தாட்சி, ஒன்றே ஒன்று கிடைத்துவிட்டால் போதும். நான் சொன்னது பொய்யாகாது.

போனது கடற்கரைக்கு. வலைகளிலிருந்து கொட்டிய மீன் குவியல்களுக்கு நடுவே குந்தி, பாம்பு போன்ற அஞ்சாலை மீன் ஒன்றின் வாயைக் குச்சியால் திறந்து வைத்துக்கொண்டு, பழைய காலண்டர் தாளின் பின்புறம் கரியால் வரைந்துகொண்டிருந்தான். உள்ளே இரண்டு வரிசைப் பல். “ஏலே, வரையணும்னா வாங்கிட்டுப் போயி வரை!” என்று மீன்காரி கத்தினாள்.

என்னைப் பார்த்ததும் அவனுக்கு அத்தனை சந்தோஷம். “வாங்க அண்ணாச்சி! நம்ம பாம்போட தாடை இந்தா கெடக்கு. சிறகு திருக்கையில எடுத்தது. முதுகுச் செட்டை மயில்மீனுக்குள்ளது.” மடியிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். சுரூபத்துக்குக் கண் கடைசியில்தான் எழுதுவார்களாம், அதுவரை மூடித்தான் வைப்பார்களாம். அந்தப் பழக்கம் படத்துக்கும் வந்துவிட்டதாம்.

நம் கோயில் சிற்பிக்கும் கண் திறப்பது கடைசியில்தானே? எனக்குத் தெரியாத விஷயமா? அன்றைக்கு ஏன் உறைக்கவில்லை? மடையா, உன் பெட்டிக்குள் இருந்ததைத்தான் அவன் துணிக்கு அடியில் தேடினாய்.

4-3-1949

தேவதாசனிடம் ஓடினேன். நான் தப்பாக நினைத்துவிட்டேன், பாளையங்கோட்டைக்கு வேண்டாம் என்று எழுதிவிடுங்கள் என்றேன். “பார்சல் கெளம்பிட்டுவே. வரட்டும். ரோச்சு மேல விழுந்த பழி தொடைக்கணும்லா?” என்றார்.

7-3-1949

பார்சல் வரவில்லை.

8-3-1949

வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்?

9-3-1949

வந்துவிட்டது. மூன்று புத்தகங்கள். மூன்றாவதை அட்டையிலேயே அடையாளம் கண்டேன். என்னுடையதை விடப் புதிதாக இருந்தது.

தேவதாசன் ரோச்சின் படங்களைப் பக்கத்தில் பரப்பினார். “ஒரு கோடு ஒக்கல. அவன் படம் அவன் படம்தான்.” பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காலையில இருந்து கதைகள வாசிச்சேன்வே. பாண்டியன் மட்டும்தான் உம்மது.”

கத்தியிருந்தால் தேவலாம். கத்தவில்லை.

“படம் இருக்கு, கதை இல்ல. ரோச்சு ஒவ்வொரு மிருகத்தையும் காட்டும்போது அது என்ன செஞ்சிதுன்னு ஒரு கதை அளப்பான், கேட்டிருக்கீரா? அதச் சொல்லச் சொல்லுதேன். நீரு பிழை இல்லாம எழுதிக் கொடும், கூலி தாரேன். ஆனா அவனப் பத்தி எங்கிட்ட சொன்னது யாருன்னு நீரே அவங்கிட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

10-3-1949

சொல்லிவிட்டேன். கதை திருடியதையும், கோள் மூட்டியதையும். ரோச் கதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “உங்க வீட்டுக்கு வந்து உங்ககிட்டேயே கேட்டேனே, அப்ப சொல்லியிருக்கலாம்லா?” என்றான். அதற்குப் பிறகு பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான். வெகு நேரம் கழுவினான்.

14-3-1949

அச்சுக்கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். “எழுதிக்கிடுங்க சார்” என்று ஆரம்பித்தான்.

அண்ணாச்சி போய்விட்டது.

26-3-1949

எட்டுக் கதைகளும் முடிந்தன. அவனுடைய வலுசர்ப்பம் இங்கிலீஷ் புத்தகத்தில் உள்ளதுபோல் பொன்னைக் காப்பதில்லை. கரை தெரியாமல் அலையும் தோணிகளின் பாயை வாயால் கவ்வி இழுத்து வருகிறது. பாய் கிழிந்ததற்குத் தோணி ஓட்டும் தண்டல் திட்டுகிறார், அது கோபித்துக்கொண்டு மூன்று நாள் தண்ணீருக்கு வெளியே வரமாட்டேன் என்கிறது. எழுதும்போதே சிரித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை, அடுத்த வரியைச் சொன்னான்.

வீட்டில் சண்முகவடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை. செய்திருக்கலாம்.

9-4-1949, சனி

முதல் பதினாறு பக்கப் பாரம் அச்சுக்குப் போகிறது. தேவதாசன் வெளியே போகவேண்டியிருந்தது, கடைசிப் புரூஃபை என்னிடம் தள்ளினார். ரோச் ஜன்னல் ஓரத்தில் நின்று படத்தில் வர்ணம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முகப்புப் பக்கம்: ‘கதையும் படமும் – ம. ரோச்.’ எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். ஓரத்தில் ‘பிழை இல்லை’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அச்சுக்குக் கொடுத்தேன்.