இருமல் இருந்த குரல்

என் அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவாக இருந்தால் கர்த்தருடைய கிருபையைச் சொல்லித்தான் கடிதத்தை ஆரம்பிப்பார். எனக்கு அது கையில் வராது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் இந்த வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரே கேள்வி.

மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. ‘வேலை அதிகம்மா’ என்று ஒரு வரி வருகிறது. அப்பா அதை நம்புகிறார். நம்புவது அவருக்குச் சுலபம். போனில் கேட்டால் நீ மழுப்புவாய், நானும் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கிளினிக்கில் மதியம் ஆள் வராத நேரம். காது டெஸ்ட் செய்யும் சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். தெருச் சத்தம் உள்ளே வராது. பேனா ஓடுவது மட்டும் கேட்கிறது.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. பாடகர் குழுவில் உட்கார்ந்துகொண்டே பாட அனுமதி கேட்டிருக்கிறார். அடிக்குரலுக்கு அவரை விட்டால் ஆளில்லை என்று அவருக்கு ஒரு எண்ணம். சமையலறைக் குழாய் ஒழுகியதை அவரே சரி செய்தார். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சபையில் நடந்ததை யாரோ உனக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நீ உன்னையே குற்றவாளியாக்கிக் கொண்டிருக்கிறாய். உன்னைப் பெற்றவளுக்கு இது தெரியாதா? மீதியை நான் சொல்கிறேன், கேள்.

போன வருஷம் நீ லீவில் வந்தபோது பழைய பாஸ்டர் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பாஸ்டரம்மா சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடந்தார். நீ சபை அலமாரியில் இருந்த பழைய பிரசங்கக் கேசட்டுகளை எடுத்து, உன் கம்ப்யூட்டரில் ஒரு வாரம் உட்கார்ந்து, அவர் குரலிலேயே பைபிளில் உள்ள சங்கீதங்களை வாசிக்க வைத்தாய். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் அந்த அம்மா வயிறாரச் சாப்பிட்டார். கமிட்டி கேட்டதும் ஒரு பைசா வாங்காமல் அவர்களுக்கும் கொடுத்தாய். அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு அன்றே ஒரு உறுத்தல் இருந்தது. நான் பத்திரிகையை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவள். மகன் குரலில் பேசி அம்மாவிடம் பணம் பறித்த கதை, விமானம் வாங்கக் காணிக்கை கேட்கிற பிரசங்கியார் கதை, மனிதருக்குப் பதில் மெஷின் ஏறிப் பிரசங்கம் செய்த கதை என்று தினமும் ஏதாவது வருகிறது. படித்துக் காட்டினால் உன் அப்பா, “நல்ல செய்தியெல்லாம் உன் கண்ணுலயே படாதா?” என்பார். உன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். தப்பு என்று ஒன்று இருந்தால் அதில் என் பங்கும் உண்டு.

நீ ஊருக்குப் போன பிறகுதான் அது வேறு உருவம் எடுத்தது. புதுப் பாஸ்டரை உனக்குத் தெரியும். கன்னத்தில் மைக்கை ஒட்டிக்கொண்டு மேடையில் அங்குமிங்கும் நடப்பவர். நான் மனதுக்குள் ‘கன்னத்து மைக்’ என்றுதான் கூப்பிடுவேன். அவரும் கமிட்டியும் ஒரு கம்பெனியைப் பிடித்து, நீ கொடுத்த குரலை ஒரு ஆப்பில் போட்டார்கள். உன் கவலையை எழுதினால் பழைய பாஸ்டர் பேசுவார். ஆறுதல் சொல்வார், உன் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். ஜெபம் முடிந்ததும் திரையில் காணிக்கைப் பட்டன் எழும்பி வரும். கமிட்டியில் ஒப்புக்கொள்ளக் கை தூக்கியவர்களில் உன் அப்பாவும் ஒருவர். மகள் செய்தது என்ற பெருமையில் மனுஷனுக்குக் கண் தெரியவில்லை.

நம் சபையில் தையல்கார அம்மா இருக்கிறார் அல்லவா, அவருடைய வீட்டுக்காரர் தச்சர். முப்பது வருஷம் மரம் அறுக்கும் மெஷின் பக்கத்தில் நின்று காதைத் தொலைத்தவர். போன மாதம் பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல் மயிரிழையில் தப்பினார். அந்த அம்மா பயந்து அவரை என்னிடம் இழுத்து வந்தார். டெஸ்ட் எடுத்தேன், காதுக்கு அச்சு எடுத்தேன், இரண்டு காது மெஷினுக்கும் ஆர்டர் போட்டாயிற்று. அடுத்த வாரம் அந்த அம்மா மட்டும் வந்து நின்றார். மெஷின் வேண்டாமாம். ஏன் என்று கேட்டதற்கு முதலில் முந்தானையைத் திருகினார். பிறகு, “ஐயாகிட்ட கேட்டேம்மா. இருக்கிறத விசுவாசத்தோட விதைச்சிடு, கர்த்தர் காதைத் திறப்பாருன்னு சொன்னாரு. மெஷினுக்கு வச்சிருந்த பணத்தக் காணிக்கையா விதைச்சிட்டேன்” என்றார்.

எந்த ஐயா என்று கேட்டேன். செத்துப்போனவர்தான் என்றார். வெகு சாதாரணமாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே பாஸ்டரம்மாவிடம் போனேன். அந்த ஆப்பில் பணம் கேட்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் போனில் நீ போட்டுக்கொடுத்த சங்கீதம் மட்டும்தான் இருக்கிறது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “புதன்கிழமை கமிட்டி இருக்குல்ல? என்னைக் கூட்டிட்டுப் போறியா?” என்று மட்டும் கேட்டார்.

கூட்டிக்கொண்டு போனேன். கமிட்டி அறையில் பெண்கள் நாங்கள் இருவர்தான். அப்பா என்னை அங்கே பார்த்ததும் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று எழுந்தே விட்டார். பாஸ்டரம்மா உட்காரவில்லை. கன்னத்து மைக்கிடம் போனை வாங்கி, அதில் பேச எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டார். பிறகு, “நீங்க போறதுக்கு முன்னாடி கடைசியா என்கிட்ட என்ன சொன்னீங்க?” என்று கேட்டார்.

அந்தக் குரல் சொன்னது, பாப்பா. அச்சு அசலாக அவர் குரல். நான் உனக்கு முன்னே போய் நமக்கொரு இடத்தை ஆயத்தம் பண்ணுகிறேன், கலங்காதே, என் பிரியமானவளே என்று எவ்வளவோ அழகாகச் சொன்னது. கமிட்டியில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

பாஸ்டரம்மா போனை மேஜைமேல் வைத்தார். “இல்ல. ஜன்னலச் சாத்து, குளிருதுன்னு சொன்னாரு. அவ்வளவுதான். நான் சாத்திட்டுத் திரும்பறதுக்குள்ள போயிட்டாரு” என்றார். பிறகு கமிட்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார். “காணிக்கைப் பை சுத்தி வரும்போது அவர் கண்ண மூடிக்குவாரு. எல்லாரும் ஜெபம் பண்றாருன்னு நினைப்பீங்க. யார் எவ்வளவு போடுறாங்கன்னு தெரிஞ்சா மனசு ஒருத்தர் பக்கம் சாஞ்சிடும்னுதான் மூடிக்குவாரு. அந்த மனுஷன் வாயில இதைப் போட்டுட்டீங்களேப்பா.”

கன்னத்து மைக்கைக் கொடியவர் என்று நினைத்துவிடாதே. நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். அவர் முகம் சாம்பலாகிவிட்டது. கோவில் கூரை ஒழுகுகிறது, வேறு வழி தெரியவில்லை, பதில்களை அந்தக் கம்பெனி எங்கெங்கோ கிடைத்த பிரசங்கங்களை வைத்துத் தயார் செய்தது, நான் பத்துப் பதினைந்து கேள்வி கேட்டுப் பார்த்தேன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்றார். பொய் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அப்போதுதான் அப்பா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உனக்குத் தெரியும், சபையில் யாரையும் எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. “கை தூக்கினது நான். என் மக சங்கீதம் வாசிக்கத்தான் குடுத்தா. வசூலுக்கு அனுப்பினது நாம. அவ பேரை யாராவது எடுத்தா அப்புறம் நான் இந்தச் சபையில பாட மாட்டேன்” என்றார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அந்த மனிதருக்குள் இப்படி ஒருவர் இருப்பது எனக்குத் தெரியாது. பாடமாட்டேன் என்பதைத் தவிர அவரிடம் வேறு மிரட்டல் இல்லை, பாவம்.

அன்றே ஆப்பை நிறுத்தினார்கள். மறுநாள் கன்னத்து மைக் மைக் இல்லாமல் தையல்கார அம்மா வீட்டுக்குப் போய், வெட்டிய துணிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தாராம். கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் பாவம் இல்லையா என்று அந்த அம்மா பயந்திருக்கிறார். “நீங்க கர்த்தருக்குக் குடுக்கலம்மா, எங்க அவசரத்துக்குக் குடுத்தீங்க” என்றாராம் அவர். அதைக் கேட்ட பிறகு அவருக்கு வைத்த பட்டப்பெயரை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இன்னும் முடிவு செய்யவில்லை.

நேற்று தச்சருக்கு மெஷினைப் பொருத்தினேன். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். மின்விசிறிச் சத்தத்துக்கே திடுக்கிட்டார். வீட்டுக்குப் போய்விட்டு இன்று காலையில் ஓடி வந்தார், ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டேன். கோளாறில்லை. “தைக்கும்போது அவ பாடுறாம்மா. எத்தனை வருஷமாப் பாடுறான்னு கேட்டேன். கல்யாணம் ஆனதுல இருந்தேங்கிறா” என்று சொல்லிவிட்டு, அந்த மரவேலைக்காரர் என் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். காதைத் திறந்தது கர்த்தரா, பேட்டரியா என்று நான் கேட்கவில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது. நான் சின்ன வயதிலிருந்தே சந்தேகக்காரி. ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடும்போது நான் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டடையை எண்ணுவேன். நீ இப்போது அங்கே கோவிலுக்குப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தால் தூக்கக் கலக்கத்தில் பேசுவாய். நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பேன்?

பழைய பாஸ்டர் கடைசி வருஷம் காது டெஸ்டுக்கு இதே அறைக்கு வந்தார். ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்து, பீப் கேட்டால் அழுத்துங்கள் என்றேன். பாதி டெஸ்டில், ஏன் என்று தெரியவில்லை, எனக்கு விசுவாசம் இல்லை ஐயா என்று சொல்லிவிட்டேன். ஹெட்போன் இருப்பதால் காதில் விழாது என்றுதான் சொன்னேன். அவர் அதைக் கழற்றிவிட்டு இருமினார். அந்த நீண்ட இருமல் உனக்கு ஞாபகம் இருக்கும். பிறகு, “இந்தப் பீப் வந்துச்சா, நானா நினைச்சுக்கிட்டேனான்னு தெரியாமலே நாலஞ்சு தடவை அழுத்திட்டேன்மா. என் ஜெபமும் பாதி நாள் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு எந்தப் போதனையும் தேவைப்படவில்லை.

பாஸ்டரம்மா உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். நீ செய்த குரல் இனி வேண்டாமாம். உன்மேல் கோபமில்லை, கேட்கக் கேட்க உண்மையான குரல் மறந்துவிடுமோ என்று பயமாம். நீ சுத்தப்படுத்துவதற்கு முன்னால் கேசட்டிலிருந்து எடுத்த பதிவு உன்னிடம் இருக்குமே, இருமலும் நாற்காலி இழுக்கும் சத்தமும் உள்ளது, அதை அனுப்பச் சொன்னார்.

நீ துக்கப்பட்ட ஒரு மனுஷியைச் சாப்பிட வைத்தாய். அதை மட்டும் வைத்துக்கொள். மற்றதை எங்களிடம் விட்டுவிடு. உன் அப்பா தினமும் உனக்காகச் சத்தமாக ஜெபிக்கிறார். நான் அப்படி இல்லை. ஆனால் கேட்கிறவர் இருக்கிறாரோ இல்லையோ, விளக்கை அணைக்கும் முன் உன் பெயரை ஒரு தடவை சொல்லாமல் நான் படுத்ததே இல்லை. யார் காதிலாவது விழட்டும் என்றுதான். நீ நன்றாக இரு, என் தங்கமே. பதில் எழுத வேண்டாம். போன் செய். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இரு. நீ அந்தப் பக்கம் இருப்பது எனக்குக் கேட்கும்.

உன்
அம்மா