யாரும் கை தூக்காத கூட்டம்

உன் முகத்தைச் சுவரில் ஒட்டுவதற்கு என் வீட்டு அடுப்பில் பசை காய்ச்சினார்கள். மைதாவும் மயில்துத்தமும் சேர்ந்து கொதித்த அந்தப் புளிச்ச வாசனை இன்னும் சமையலறையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. காபி போட்டாலும் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. உன் நினைவுக் கூட்டம் முடிந்து இத்தனை நாளாகியும் ஆஸ்டின் டவுன் முனையில், மின்சாரப் பெட்டியின் மேல் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். உன் மூக்கை மறைத்து யாரோ பேயிங் கெஸ்ட் விளம்பரம் ஒட்டிவிட்டார்கள். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னோடு ஒரு சண்டை மிச்சமிருக்கிறது. அதைப் போட்டு முடிக்கத்தான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் போஸ்டர் ஒட்டப் போனால் பசை வாளி என் கையில், பிரஷ் உன் கையில். நீ பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் ஃபிட்டர், சங்கத்துக்காரன். நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். நம்மை ஒரே இடத்தில் உட்கார வைத்தது நாடகக் குழு ஒன்றுதான். நீ படியேறும் சத்தம் கேட்டாலே எங்கம்மா, "வந்துட்டான் பாரு கம்யூனிஸ்ட்டு, பால் தீந்துடுச்சுன்னு சொல்லு" என்பாள். சொல்லிவிட்டு அவளே பாலை அடுப்பில் வைப்பாள்.

அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகங்களாகப் பொறுக்கி வருவாய். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இருத்தலியல் படிப்பாய். "நாம யாருன்னு முன்னாடியே எவனும் முடிவு பண்ணி வெக்கல ஸ்டெல்லா. நாம செய்யறதுதான் நாம" என்று ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும். வெளிநாட்டில் உயிர் நண்பர்களாக இருந்த இரண்டு எழுத்தாளர்கள், நாளைய நியாயத்துக்காக இன்று ஒருவனைப் பலி கொடுக்கலாமா என்ற கேள்வியில் பேச்சுவார்த்தை அறுந்து பிரிந்த கதையைச் சொந்தக்காரர் வீட்டுப் பங்காளிச் சண்டை போலச் சொல்வாய். "நீ யார் கட்சி?" என்று கேட்டேன். "ராத்திரி படிக்கும்போது ஒருத்தன் கட்சி, காலைல ஷிஃப்டுக்குப் போனா இன்னொருத்தன் கட்சி" என்றாய்.

அந்தச் சண்டையிலிருந்துதான் நம் நாடகம் பிறந்தது. தலைமறைவுக் குழு ஒன்று. அதில் ஒருத்தி காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று சந்தேகம். செய்தாளா இல்லையா என்று நாடகம் கடைசிவரை சொல்லாது. அந்த ஒருத்தி நான், விசாரிக்கிற தலைவன் நீ. கடைசியில் என் கையைக் கட்டி நிறுத்தியிருப்பார்கள். நீ வந்து கட்டை அவிழ்த்தால் எனக்கு விடுதலை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டால் நான் செத்தேன். எதைச் செய்யப்போகிறாய் என்று மேடையில் நிற்கிற எனக்கே தெரியாது. ஒத்திகை எப்போதும் அந்தக் கட்டம் வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் ஒருநாளும் போனதில்லை. "ஒத்திகை பாத்துட்டு செஞ்சா அது முடிவு இல்ல, பழக்கம்" என்பாய்.

உனக்கென்ன, சொல்லிவிடுவாய். கை கட்டப்பட்டு நின்றவள் நான். உன் செருப்புச் சத்தம் என் பக்கம் வருகிறதா, அந்தப் பக்கம் போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். "பாவி, இன்னிக்காவது காதுல சொல்லித் தொலையேன்" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! ஒருநாள்கூட நீ சொன்னதில்லை. தொழிற்சாலை வாசல்களில், தொழிலாளர் குடியிருப்புகளில், ஒசூர் ரோடு நெடுக அதைப் போட்டோம். நீ அவிழ்த்தாலும் கைதட்டினார்கள், திரும்பிக்கொண்டாலும் அதே அளவு கைதட்டினார்கள். அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நம் இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை.

அப்புறம் உன் தொழிற்சாலையில் அது நிஜமாக நடந்தது. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ரகசியமாகக் கூடும் இடம் நிர்வாகத்துக்குத் தெரிந்துபோய், வந்தவர்களில் பலருக்கு வேலை போயிற்று. மாதையன் மேல் சந்தேகம் விழுந்தது. தர்மபுரிப் பக்கத்துக்காரர், ஜோகுபாளையத்தில் குடியிருந்தார், வாய் அதிர்ந்து பேசாதவர். மேனேஜர் அறையிலிருந்து அவர் வெளியே வந்ததை யாரோ பார்த்தார்களாம். பெண்ணுக்குக் காய்ச்சல், லீவு கேட்கப் போனேன் என்றார் அவர். அதற்கு மேல் இந்தப் பக்கமும் சாட்சி இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு நீங்கள் கூடிய மதியம் நானும் இருந்தேன். கூட்டம் தொடங்குமுன் பாட்டுப் பாட நம் குழுவைக் கூப்பிட்டிருந்தீர்கள். கூட்டத்தை நடத்தியவன் நீ, மாதையன் முன்னால் நின்றார். "சங்கத்தை விட்டு நீக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க" என்றாய். ஒரு கையும் எழவில்லை. "நீக்க வேணாம்ங்கறவங்க?" அதற்கும் எழவில்லை. எல்லாரும் உன்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். மேடையில் கை கட்டி நின்றபோது எதிரே எத்தனையோ தடவை பார்த்த பார்வை அது. முன்வரிசையில் ஒருவர், "நீங்களே சொல்லிடுங்க தோழரே, நாடகத்துல செய்யற மாதிரி" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் முடிவெடுப்பார்கள் என்று அவர்கள் மனசார நம்பிவிட்டார்கள். நம்பவைத்தது நாம்தான்.

நீ மாதையனைப் பார்த்தாய். பிறகு, "நீக்கறேன்" என்றாய். பந்தலின் ஒரு மூலையில் யாரோ கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது பஸ் மடிவாளா வந்தது. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தப்பா சொல்லிக்குடுத்துட்டோம் ஸ்டெல்லா. ஒவ்வொருத்தனும் முடிவெடுக்கணும்னு சொல்ல நெனச்சோம். ஒருத்தன் முடிவெடுக்கறத உக்காந்து பாக்கறதுக்குப் பழக்கிட்டோம்" என்றாய். எனக்கு உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். "அப்போ நீயும் சும்மா இருந்திருக்க வேண்டியதுதானே?" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் வாய மூடியிருந்தாலும் அவரு வெளியதான் போயிருப்பாரு. என்ன, மூடின வாய யாரும் வந்து ஏன்னு கேக்க மாட்டாங்க" என்றாய்.

அதோடு நீ மேடை ஏறுவதை விட்டாய். கட்சிப் பெரியவர் ஒருவர், "அது தொழிலாளர் முடிவுப்பா, நீ ஏன் சுமக்கற?" என்று ஆறுதல் சொன்னபோது அவரிடம், "இல்ல, என் முடிவு" என்று முகத்துக்கு நேரே சொன்னாய். நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லிவிட்டு வந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாதாகோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தாய். "உனக்கு வசதி, உள்ள ஒருத்தர் உக்காந்து கேட்டுக்கறாரு. எங்காளுங்க அந்த நாற்காலிய எடுத்துட்டாங்க" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். மாதையன் செய்தாரா இல்லையா என்று மட்டும் நீ பேசியதே இல்லை. நான் எடுத்தால் பேச்சை மாற்றிவிடுவாய். இந்தக் கோடையில் நீ போகும்வரைக்கும் மாற்றிக்கொண்டேதான் இருந்தாய்.

நீ போனதும், இப்போது குழுவை நடத்துகிற பிரவீண் வந்தான். உன் நினைவாக அந்த நாடகத்தைப் போட வேண்டுமாம். "ஆன்ட்டி, எண்டிங் மட்டும் ஃபிக்ஸ் பண்ணிடலாம். அவளுக்குத் தண்டனை, செங்கொடி ஏறுது, ஸ்க்ரீன்ல சாரோட போட்டோ. சூப்பரா இருக்கும்." எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "உங்க சார் ஒத்திகைக்கே அந்த எடத்தத் தொட விடமாட்டார்டா. நீ கொடி கட்டறியா?" என்று பிடித்துக்கொண்டேன். பையன் முகம் தொங்கிப்போயிற்று. கடைசியில், தலைவன் வேஷத்தை நானே போடுகிறேன், முடிவை என்னிடம் விட்டுவிடு என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று அவனிடமும் சொல்லவில்லை. உன் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நினைவுக் கூட்டத்தன்று சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. நான் நின்ற இடத்தில் ஒரு கல்லூரிப் பெண் கை கட்டப்பட்டு நின்றாள். என்னைப் போலவே செருப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போகவில்லை, சுவர்ப்பக்கமும் திரும்பவில்லை. மேடை விளிம்புக்கு வந்து, "இந்தத் தடவ நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதச் செய்வேன். கட்ட அவுக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க" என்றேன். கைகள் எழுந்தன. அத்தனை கையிலும் மொபைல்! படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "மொபைல கீழ வெச்சிட்டுத் தூக்குங்க" என்றேன். எல்லாக் கையும் இறங்கிவிட்டது.

"தண்டிக்கணும்ங்கறவங்க?" என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒரே ஒரு கை உயர்ந்தது. ஒட்டிய கன்னம், நரைத்த மீசை, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. மாதையன்!

சொன்ன சொல்லுக்கு நான் கட்டுப்பட வேண்டும். சுவர்ப்பக்கம் திரும்பினேன். பின்னால் அந்தப் பெண் அழுதாள், நடிப்பு இல்லை. ஹாலில் கைதட்டினார்கள், வழக்கம்போல.

டீ கொடுக்கிற இடத்தில் அவரைத் தேடிப் பிடித்தேன். "ஏங்க, அந்தப் பொண்ணு நின்ன எடத்துல நீங்கதானே அன்னிக்கு நின்னீங்க? நீங்க போயி எப்பிடிக் கை தூக்கினீங்க?" என்றேன், கோபமாகத்தான்.

"யாராச்சும் தூக்கணும்ல மேடம்" என்றார். "என் மேல அன்னிக்கு ஒருத்தனும் தூக்கல. வேணும்னும் தூக்கல, வேணாம்னும் தூக்கல. அத்தன மூஞ்சி, எல்லாம் தரையப் பாத்துச்சு. எவன் சட்டையப் பிடிச்சு ஏன்டான்னு கேக்கறது? இந்தப் பாப்பாவுக்கு நான் இருக்கறேன். வந்து கேக்கட்டும்."

சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பெண் கயிறு பதிந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்து நின்றாள். "அங்கிள், நீங்கதானே? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள். இன்னும் மூக்கு சிவந்திருந்தது. மாதையன் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், "தப்பு பண்ணியான்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியாமத்தான் தூக்கினேன். கோவம் வந்தா என்னத் திட்டு" என்றார். டீயை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம்தான் நீ என்னிடம் மறைத்த விஷயத்தைச் சொன்னார். சங்கம் கைவிட்டபின் வேலையும் போய், கிடைத்த இடத்திலெல்லாம் வாட்ச்மேனாக நின்ற காலத்தில், கோபம் தலைக்கேறும்போதெல்லாம் உன் வீட்டு வாசலுக்கு வந்து நின்று திட்டுவாராம். "கேட்டுக்குவாரு. ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டாரு. உள்ள வா மாதையான்னு டீ குடுப்பாரு. சரியா தப்பான்னு தெரியாது, ஆனா பண்ணது நான்தான்ம்பாரு. அந்த ஒரு மனுசன்தான் மேடம் எனக்கு இருந்தாரு, சண்ட போடறதுக்கு. அவரும் போயிட்டாரு. இனிமே நான் யார்கிட்ட போவேன்?" துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க வீட்டுக்கு வாங்க. சர்ச்சுக்குப் பின்னாடி ரோடுதான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்துடுவேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

போன ஞாயிறு வந்தார். உட்கார்ந்ததும் உன்னைத் திட்டத் தொடங்கினார். ஆயுசு பூராவும் உன்னோடு சண்டை போட்டவள் நான், உனக்கு வக்காலத்து வாங்கினேன். நீ யோசித்துத்தான் சொன்னாய். உனக்கு வேறு வழியில்லை. யாரும் பேசாதபோது யாராவது பேச வேண்டியிருந்தது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "எல்லாம் கேட்டாச்சு மேடம், அவரே சொல்லியிருக்காரு" என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"நான் காட்டிக்குடுக்கல. அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். நீங்க நம்பறீங்களா?"

நீ இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வாய் என்று தேடிப் பார்த்தேன். எனக்கு ஒத்திகை இல்லை. அன்றைக்கு இல்லாத சாட்சி இன்றைக்கும் இல்லை. அவரை நம்பினால் நீ ஒரு நிரபராதியின் பிழைப்பைக் கெடுத்தவன் ஆகிறாய். நம்பாவிட்டால் என் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதனை இன்னொரு தடவை வெளியே தள்ளுகிறேன். தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அந்த உண்மை கைவசம் இருந்தது.

"நம்பறேன். அவரு பண்ணது தப்பு" என்றேன்.

அவர் அழவில்லை, நன்றியும் சொல்லவில்லை. இன்னொரு டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு நான்தான் சமையலறையில் நின்று அழுதேன், உன்னை நினைத்து. உன்னை அவ்வளவு பிடிக்கும் எனக்கு. அது உனக்குத் தெரியும். பிடித்துக்கொண்டே உனக்கு எதிராகச் சொன்னதுதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது, இறங்கமாட்டேன் என்கிறது. இறங்க வேண்டாம், இருக்கட்டும்.

வேறு யார் வாயாலோ உனக்கு இது தெரியக்கூடாது என்றுதான் இத்தனையும் எழுதினேன். கூட்டம் சொன்னது, காலம் சொன்னது என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. உனக்கு எதிராகக் கை தூக்கியவள் நான், ஸ்டெல்லா.