உப்புத் தண்ணியில கரைச்ச பசை

அன்பு அர்ஃபா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்லாயிருக்கேன். உன் பல்வலி விட்டுதா?

நேத்து இங்க ஓமன்ல ஒரு கூத்து. எண்ணெய்க் கிணறு தோண்டுற எடத்துல, துளைக்குள்ள விடுற சேத்துக் கலவைக்கான பசைத்தூள உப்புத் தண்ணியில கொட்டிட்டேன். கஞ்சியாட்டம் வரவேண்டியது நீராகாரமா ஓடுது! ஃபோர்மன் திட்டிட்டு, "முதல்ல நல்ல தண்ணியில கரை, உப்பு அப்புறம்"னாரு. கெட்டியா வந்துது.

உடனே உன் ஞாபகம்தான். விருத்தாசலம் பீங்கான் பட்டறையில நீயும், கோப்பை பளபளக்கப் பூசுற க்ளேஸுக்குப் பசைத்தூள்தானே கரைக்கிற? புது போர்த் தண்ணி கரிக்குதுன்னு நீதானே சொன்ன? கோப்பையில பூசுனது வழியுதுன்னு உன்னத் திட்டுறாங்களே, தப்பு உன் கையில இல்ல. உப்பில்லாத குழாய்த் தண்ணியில கரைச்சுப் பாரு.

வண்டி வந்துடுச்சு. பேப்பர் கப்பு டீ அலுத்துப்போச்சு. வழியாம வர்ற முதல் கோப்பைய எனக்குன்னு எடுத்து வையி. வூட்டுக்கு வந்ததும் அதுலதான் டீ.

உன் ரசூல்