இடப்பக்கத்துத் தரைத் தகடு

உன் பிக்கப்பின் இடப்பக்க ரப்பர் மேட் என் வீட்டுப் போர்ச்சில், துணி காயப்போடும் கம்பியில் தொங்குகிறது. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கோழி எச்சமும் பழைய எண்ணெயும் கலந்த அந்த வாடை போகமாட்டேன் என்கிறது. கேரி தீவில் அந்த வண்டியின் கதவைத் திறந்தபோது அடித்த அதே வாடை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மூக்கில் ஏறியது. ஏறியவுடன் உன்மேல் கோபமும் ஏறியது.

உன்னைப் புகழ்ந்து எழுத நான் உட்காரவில்லை. உனக்கும் எனக்கும் ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. நீ இருந்திருந்தால் மாமாக் கடையில் தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு கத்தித் தீர்த்திருப்பேன்.

முதல் விஷயம்: அந்த வண்டியைக் கண்டுபிடித்தவன் நான். என் மாமா மகள் கல்யாணத்துக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு அந்தத் தீவுத் தோட்டத்துக்குப் போனபோது, லயத்துக்குப் பின்னால், செம்பனை மட்டைகளுக்கு நடுவே நின்றது. எழுபதுகளின் ஜப்பான் பிக்கப். உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து சேசிஸ் நம்பரைத் தேடினேன். நீ ஜன்னல் வழியாகக் கோழியோடு பேசினாய். "மேடம், கொஞ்சம் இறங்குங்க லா. நாங்க எடுத்துட்டுப் போகணும்." வண்டியின் சொந்தக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கேட்டபோது "விக்கிற ஐடியா இல்ல தம்பி" என்றவர், உன்னிடம் சாவியையே கொடுத்துவிட்டார். வண்டி உன் பேருக்குப் போனது. அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. உன்னிடம் சொல்லவில்லை. உனக்குத் தெரியாமலும் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கிள்ளானில் உன் வீட்டுப் போர்ச்தான். துறைமுகத்துப் பக்கம் ஒரு யார்டில் வெல்டிங் இன்ஸ்பெக்டர் நான். வெல்டிங் பற்றில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். நான் கேட்டைத் திறக்கும்போதே நீ உள்ளேயிருந்து குரல் கொடுப்பாய்: "ஐயா வந்துட்டாரு, எல்லாரும் கையத் தூக்கிட்டு நில்லுங்க!" எல்லாரும் என்றால் நீயும் உன் அம்மாவும் ஒரு பூனையும். கதவு இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்தால் கழற்றச் சொல்வேன். முனகிக்கொண்டே கழற்றுவாய். எத்தனை ஞாயிறு அப்படிப் போனதோ. ஒரு நாளும் நீ "போதும்" என்று சொன்னதில்லை.

இடப்பக்கத் தரைதான் பெரிய பாக்கி. துரு தின்று, ஒரு தட்டளவு ஓட்டை. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் உன் தாமான் தெருக்களுக்குள்ளேயே ஒரு சுற்றுப் போவோம். நீ ஓட்டுவாய், நான் இந்தப் பக்கம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கீழே தார் ஓடும்.

"டேய், எனக்குக் காலு இருக்குடா."

"செய்றேன்டா. உன் காலு எனக்கு முக்கியம் லா."

இரண்டு வாரம் தொடர்ந்து ஷிப்ட். என்னால் வர முடியவில்லை. அடுத்து வந்தபோது அந்தப் பக்கம் வண்டியோடு வந்த பழைய ரப்பர் மேட்டை விரித்திருந்தாய். "ஏறு" என்றாய். காலை வைத்தேன். அசையவில்லை. "பண்ணிட்டியா?" என்றேன். "ஆச்சு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

நான் மேட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. உன் வேலையில் நான் சோதிக்காமல் விட்டது அது ஒன்றுதான். எனக்காக நீ செய்தது என்று நினைத்தேன். வண்டி உன்னுடையது, அந்த ஓரம் என்னுடையது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

அப்புறம் உனக்கு டிங்கி, அந்தக் கொசுக் காய்ச்சல். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஞாயிறு வா என்று மெசேஜ் அனுப்பினாய். ஞாயிறு வந்தேன். உன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள்.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு உன் அம்மா சாவியை என் கையில் வைத்தார். "நீயே எடுத்துக்கய்யா. முடிச்சிட்டு ஒரு தடவ என்னக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ, போதும்." என் வீட்டுக்கு இழுத்து வந்தேன். பெயின்ட் அடிக்குமுன் தரையைச் சுத்தம் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் அந்த மேட்டைத் தூக்கினேன்.

ஓட்டையை மூடிய தகட்டில் பற்று காக்கா எச்சம் போட்ட மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் மலை, ஒரு இடத்தில் குழி. சுற்றிலும் தெறித்த பொட்டுகள். என் யார்டில் ஒருத்தன் இப்படிப் போட்டால் மத்தியானத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இது உன் கை இல்லை. உன் பற்று மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்து போகும். இருட்டில் தடவினாலும் சொல்வேன். அப்படியானால் யார்?

அன்று சாயங்காலம் உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். யோசிக்கவே இல்லை அவர்.

"அது லோகாதான்யா. நீ ஷிப்ட் போற நாள்ல வருவான். உள்ள படுத்துக்கிட்டு நெருப்பா பறக்கவிடுவான். ரெண்டு பேரும் சிரிக்கிற சிரிப்புல பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி சுவர் மேல எட்டிப் பாக்கும்."

லோகன். உன்னோடு பள்ளியில் படித்தவன், பிரிக்பீல்ட்ஸில் இன்சூரன்ஸ் விற்கிறவன். கல்யாண வீட்டில் பாயசம் வருவதற்குள் எனக்குப் பாலிசி விற்கப் பார்ப்பான். அவனா? அந்தப் போர்ச்சில் நீயும் நானும் சிரித்திருக்கிறோமா என்று யோசித்தேன். நீ ஜோக் அடிப்பாய், நான் ஸ்கேலை நீட்டுவேன். சுவர் மேல் எந்த ஆன்டியும் எட்டிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு மறுவாரம் அவனே வந்தான், கையில் ஒரு பை ரம்புத்தானோடு.

"என்ன பாஸ், நம்ம வேல எப்படி?"

"இதுக்குப் பேரு வேலையா?"

"ஒட்டியிருக்கா இல்லயா, அதச் சொல்லு."

"உன்ன எதுக்குடா விட்டான்?"

"கத்துக்கொடுடான்னு கேட்டேன், விட்டான். எல்லாம் நானேதான் போட்டேன்." ஒரு ரம்புத்தானை உரித்து வாயில் போட்டுக்கொண்டான். "டிரைவர் பக்கம் ஒரு சின்ன ஓட்ட இருந்துச்சி. அதப் போடறேன்னேன், விடல. 'என் பக்கம் வேணாம்டா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அந்தப் பக்கம் போட்டுப் பழகிக்க. பிஞ்சா இன்ஸ்பெக்டர்தான் விழுவான், ரிப்போர்ட்டும் அவனே எழுதிடுவான்'னான்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் முன்னால் சிரிக்க எனக்கு இஷ்டமில்லை.

"அம்மாவக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறப்ப நானும் வரேன். என் தகட்டு மேல நான்தான் உக்காருவேன்."

"பாக்கலாம்" என்றேன்.

அவன் போனதும் முடிவு எடுத்துவிட்டேன். வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு போட அரை நாள் போதும். படித்தவன் எவனும் அதைத்தான் செய்வான். காரணம் கேட்டால் துரு, ஓட்டை, பாதுகாப்பு என்று பக்கம் பக்கமாக எழுதித் தர என்னால் முடியும். உண்மையான காரணம் உனக்குத் தெரியும். நான் கால் வைத்து உட்கார்ந்திருந்த இடத்தில் இன்னொருத்தன் உன்னோடு சிரித்திருக்கிறான். அது எனக்கு வேண்டாம்.

தகடு வெட்டும் கிரைண்டரை எடுத்தேன். நடுவில் தெரிந்த மேடுகளை வழித்துவிட்டு ஓரத்துக்குப் போனேன். பற்று தொடங்கும் ஓரம், முடியும் ஓரம் இரண்டும் கறுப்பு சீலன்ட் பசைக்குக் கீழே மறைந்திருந்தன. அதைச் சுரண்டியபோது செதில் தெரிந்தது. மூன்று விரல் நீளத்துக்கு, அழகாக, ஒன்றன்மேல் ஒன்று. அதற்கப்புறம்தான் காக்கா எச்சம். கிரைண்டரை நிறுத்திவிட்டு மறு ஓரத்தையும் சுரண்டினேன். அங்கேயும் செதில். முடிக்கிற இடத்தில் கொஞ்சம் பின்னுக்கு வந்து குழியை நிரப்பிவிட்டுத்தான் நீ கையை எடுப்பாய். நிரப்பியிருந்தாய்.

ஆரம்பித்துக் கொடுத்தவன் நீ. முடித்துக் கொடுத்தவனும் நீ. நடுவில் அவன் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறாய். எல்லாம் நானே போட்டேன் என்று மார்தட்டினான் பார், பொய்க்காரன். அவனை வெட்டினால் உன்னையும் சேர்த்துத்தான் வெட்டவேண்டும். அந்த ஒரே கோட்டில் உங்கள் இரண்டு பேரையும் பிரித்தெடுக்கிற டிஸ்க் எந்தக் கடையிலும் விற்கவில்லை.

கோபம் குறைந்ததா என்றால் இல்லை, கூடியது. கதவு இடைவெளி ஒரு மில்லி தப்பினால் மூன்று தடவை கழற்றிய நீ, அவனுடைய மலையையும் குழியையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருக்கிறாய். என்னிடம் ஏன் அப்படி ஒரு தடவைகூட விடவில்லை? நான் விடச் சொல்லியிருக்க மாட்டேன், சரி. இருந்தாலும் கேட்கிறேன்.

மேலே பிரைமர் அடித்து விட்டுவிட்டேன். ரோட்டுக்கு விடுவதற்கான சோதனைக்குக் கொண்டுபோனபோது எனக்கு ஒரு கடைசி ஆசை இருந்தது. அதிகாரி ஒரு சின்னச் சுத்தியலோடு அடியில் நுழைந்தார். இடப்பக்கத்தில் அவர் தட்டுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். ஆகாது என்று அவர் சொல்லிவிட்டால் வெட்டுகிற பாவம் என் தலையில் இல்லை. இன்னும் ஒரு தட்டு. வெளியே வந்து, "ஓகே, அடுத்த வண்டி" என்றார்.

நீ கேட்ட அதே மோசமான மஞ்சள்தான் அடித்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை கோயிலில் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். உன் அம்மா நடுவில், நான் ஸ்டியரிங்கில். லோகன் எங்கே உட்கார்ந்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. சாலைக்கு ஏறியதும் இரண்டு காலாலும் தரையை மிதித்தான். "பாரு பாஸ்! அசையுதா?" டம் டம் என்று மறுபடியும். உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "இப்படித்தான்யா. போர்ச்சுல இவனும் அவனும் இப்படித்தான் கத்துவானுங்க." நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் அவனால்தான் வந்தது.

யார்டில் இப்போதெல்லாம் எந்தப் பற்றைப் பார்த்தாலும் முதலில் இரண்டு ஓரத்தையும் பார்க்கிறேன், யாராவது யாருக்காவது ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறார்களா என்று. நீ எனக்கு விட்டுப்போன வியாதி இது. ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

மேட் காய்ந்துவிட்டது. மறுபடி விரித்து மூடப்போகிறேன். அடுத்த ஞாயிறு பந்திங் டவுன் வரைக்கும் போகலாமா என்று லோகன் கேட்டிருக்கிறான், சரி என்றேன். தகடு பிய்ந்து அவன் இதுவரைக்கும் விழவில்லை. அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.