நூற்றில் ஒன்று

என் வீட்டு வெளியூர்க்காரனுக்கு,

உன் அப்பா காபிக் கடையில் இன்னும் அதே பெருமைதான் பேசுகிறார். "நம்ம லக்சம்பர்க் சுண்டைக்காய் நாடுதான். ஆனா வருமானத்துல நூத்துல ஒண்ணை ஏழை நாடுங்களுக்குக் குடுக்குறோம். இத்தனை வருஷமா குறைச்சதே இல்ல!"

வருமானம் ஏறினால் உதவியும் ஏறும். உதவி ஏறினால் லாவோஸில் நீ கட்ட இன்னொரு மருத்துவமனை. "இதை முடிச்சிட்டு வந்துடறேன்" என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய்.

அதனால்தான், இந்த ஆண்டு வருமானம் சரியும் என்று வானொலி சொன்னபோது ரொட்டிக் கடை வரிசையில் நான் மட்டும் சிரித்தேன். சொந்த நாடு நொடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான்!

நேற்று சந்தையில் உன் அலுவலகத்து ஃபெர்னானைப் பார்த்தேன். "பணம் குறைஞ்சா அவரை ஊருக்கு அனுப்பிடுவீங்கல்ல?" என்று கேட்டேன்.

"அவரோட லாவோஸ் ஒப்பந்தம் வசந்தத்துலயே முடிஞ்சுதே. இன்னும் ரெண்டு வருஷம் வேணும்னு அவரேதான் கேட்டு வாங்கினார். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்றேன். வாங்கிய காய்கறியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காருக்குப் பனிக்கால டயர் மாற்றியாயிற்று. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன்தான் ஏதோ சத்தம் போடுகிறது.

நாளை நிக்கோலாஸ் தாத்தா பரிசு தரும் நாள்; முந்தின இரவே தட்டு வைத்தால் அதில் இனிப்பு வைத்துவிட்டுப் போவாராம். நம் மகள் லின் சாப்பாட்டு மேசையில் தன் தட்டை எடுத்து வைத்தாள். பக்கத்தில் உன் தட்டையும் வைத்திருக்கிறாள். அவள் தட்டில் சாக்லேட் வைத்துவிட்டேன்.

உன் தட்டில் என்ன வைக்க?

இங்கேயே இருப்பவள்