பாட்டுக்குப் பின்னால் நடந்து போகிறவன்

மானாம்பதி,
ஆடி முதல் வெள்ளி.

அன்புள்ள மகன் மோகன்குமாருக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று முதலில் எழுதிவிட வேண்டும், அதனால் சுகம் என்றே வைத்துக்கொள். அப்பாவுக்கு முட்டி வலி, ஆனாலும் மடை திருப்ப நான்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். சொர்ணவாரி நெல் முற்றி நிற்கிறது, அறுப்பு மிஷின்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று பேஜார் பண்ணுகிறான். சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நீ ஊட்டிக் குளிரில் தலையை மூடாமல் திரியாதே. என்னடா இவள், போனை விட்டுவிட்டு பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்துவிட்டாளே என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ அந்த நிமிஷமே பதில் சொல்லிவிடுவாய், இந்த விஷயத்தில் எனக்கு உடனே பதில் வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஒரு படம் போட்டார்கள், போன வருஷம் உங்கள் ஊட்டியில் எடுத்ததாம். நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் ஒரு பாட்டு, ஒரே பனி, அந்தப் பெண் நடுங்காமல் மெல்லிசுப் புடவையில் ஆடுகிறாள். அவர்களுக்குப் பின்னால் மரத்தடியில் ஒருத்தன் சாய்ந்து நின்றிருந்தான். முகம் தெரியவில்லை. பின்கழுத்தை ஒரு தரம் தேய்த்துவிட்டு, இடது தோளைத் தாழ்த்திக்கொண்டு பனிக்குள் நடந்து போய்விட்டான். என் கையில் இருந்த முறம் கவிழ்ந்துவிட்டது. அது உன் அண்ணன் தமிழ்வாணன். அடுத்த வீட்டுப் பரிமளாவைக் கூப்பிட்டு அவள் செல்லில் அந்தப் பாட்டைத் தேடி எடுக்கச் சொன்னேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பெரிசாக்கினால் புள்ளி புள்ளியாகக் கலைந்து போகிறான், சின்னதாகவே விட்டால் என் பிள்ளையாக இருக்கிறான். அதிலிருந்து தினமும் பார்க்கிறேன். தினமும் அதே மரத்தடியில் இருந்து புறப்பட்டு அதே இடத்தில் மறைகிறான். நேற்று ஒரு தடவை திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது, பரிமளாவிடம் சொன்னால், சித்த நேரம் பேசாம படுக்கா, கண்ணு எரிஞ்சிக்கினு கீது உனுக்கு என்கிறாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் முதுகுக்குப் பின்னால் அந்தப் பாட்டு கேட்கிறது.

அவனுக்கு அந்த ஊர்ப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று உனக்குத் தெரியும். உத்திரமேரூர் லைப்ரரியில் இருந்து ஊட்டிக் கதையாகப் பார்த்து எடுத்து வருவான். நான் அடுப்பில் இருக்க, பங்களா, பனி, ஏரி, யூகலிப்டஸ் வாசனை என்று வாசித்துக் காட்டுவான். ஏன்டா, அந்த ஊரில் யாராவது வேலை வெட்டி செய்கிறார்களா, இல்லை எல்லோரும் பனியில் நின்று அழுதுகொண்டே இருக்கிறார்களா என்று கேட்பேன், விழுந்து விழுந்து சிரிப்பான். படம் பார்த்தாலும் அப்படித்தான், கதை நம் பக்கம் நடக்கும், பாட்டு வந்தால் மலைக்கு ஏறிவிடுவார்கள். போகாத ஊரில் எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று சொல்வான். அந்தக் கதைகளில் மேலே போனவர்கள் பாதிப் பேர் இறங்கி வருவதே இல்லை, அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஷூட்டிங்கில் லைட் தூக்கப் போகிறேன் என்று பஸ் ஏறினான், போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு போன், அதோடு சரி. நீ அங்கே லாட்ஜ் வேலைக்குப் போனதும் அவனைத் தேடத்தான். நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது அப்பா ஒரு முடிவோடு இருக்கிறார். காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் பார்க்க வேண்டும், அதற்குமேல் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கொளுத்திக் காரியம் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போன உயிர் அலையும் என்று பஞ்சாட்சரம் ஐயர் சொல்லிவிட்டார். இந்த ஆடி அமாவாசைக்கு நம் ஊர் ஏரிக்கரையில் நாள் குறித்தாயிற்று. போன வருஷம் உயிரோடு நடந்தவனுக்கா கொள்ளி வைப்பீர்கள் என்று செல்லை அப்பா முன்னால் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக, தாயாரு, இது எந்நடைடி, எனுக்கும் இப்டித்தான், ரெண்டு பசங்களுக்கும் இப்டித்தான், இவன் சின்னவன் மாதிரி கீறான் என்றார். பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னது ஞாபகம் வந்தது. ஷூட்டிங்காரர்கள் உங்கள் லாட்ஜில் தங்கினார்கள், ஆள் பற்றவில்லை என்று உங்களையே கூட்டிப்போய் ஒரு பாட்டில் நிற்க வைத்தார்கள் என்றாய். எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. அப்பா உடனே உனக்குப் போன் போடப் போனார், நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். சரி, ஆனா அமாவாசய தள்ள மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். கொல்லையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரில் எவன் என்று தெரியாத தாயாகிவிட்டேன் மோகன். வெட்கமாக இருக்கிறது.

அதனால் நீ இப்படிச் செய். பரிமளாவை அந்தப் பாட்டை உன் செல்லுக்கு அனுப்பச் சொல்கிறேன், அதைப் பார். அது நீ இல்லை என்றால் அப்பாவுக்குப் போன் போட்டு, அது நான் இல்லப்பா என்று அதை மட்டும் சொல். காரியம் நின்றுவிடும், மற்றதைப் பிறகு பார்ப்போம். அது நீதான் என்றால் போனும் வேண்டாம், காகிதமும் வேண்டாம், என்னிடம் வாயால் சொல்லவே வேண்டாம். அமாவாசைக்கு முந்தின நாள் புறப்பட்டு வந்துவிடு. அந்தப் புல் பொம்மையை அப்பா தனியாகத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. நீ வந்து நின்றாலே நான் தெரிந்துகொள்வேன், ஒன்றும் கேட்காமல் கால் கழுவத் தண்ணீர் தந்து சோறு போடுகிறேன்.

சளி பிடித்தால் மிளகுக் கஷாயம் போட்டுக் குடி. மலைப் பாதையில் ராத்திரி பஸ் ஏறாதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். நீ எப்போது வருவாய் என்று நான் வாசலைப் பார்க்காத நாள் இல்லை, உனக்கே தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் நீ வந்துவிடக் கூடாது என்று எல்லையம்மனுக்கு விளக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே கண்ணு.

உன் அம்மா,
ரா. தாயாரம்மாள்