உப்புப் பார்க்காத காட்டுக்கோழி

அடியே பூசணி,

இன்று காலை ஒரு காட்டுக்கோழியின் இறகைப் பிடுங்கி, அடுப்புத் தணலில் வாட்டினேன். தோல் பொசுங்குகிற வாடை எழும்பியதும் கை நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "அண்ணி, தீயக் கொறைங்க, கருகுது" என்று நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. என் காதுக்கு அது இன்னும் தெரியவில்லை.

ஜப்பான்காரன் போய்விட்டான். உன் அண்ணன் வருகிறார்டி. என் வீட்டுக்காரரை வாய் நிறைய அண்ணன் என்றுதானே கூப்பிடுவாய்? சயாமில் இருந்து மலையடிவாரத்துத் தாப்பா வரை வந்து சேர்ந்துவிட்டாராம். காலில் புண்ணாம், ஆனால் நடக்கிறாராம். நாளைக்கு லாரியில் ரிங்லெட்டில் வந்து இறங்குவார். அதற்குத்தான் இந்தக் கோழி. நீ கண்ணி வைக்கிற ஓடைக்கரையில்தான் நானும் வைத்தேன். மூன்று நாள் வெறும் கயிறு, நாலாம் நாள் விழுந்தது.

அவரைக் கொண்டுபோன காலையில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நீயும் நின்றாய். பேரைக் கூப்பிட்டார்கள், சயாமில் தண்டவாளம் போடும் வேலை என்றார்கள், லாரியில் ஏற்றினார்கள். நான் ஐந்து மாத வயிற்றோடு நின்றேன். அன்று சாயங்காலமே மாரியாத்தா முன்னால் மஞ்சள் துணியில் காப்புக் கட்டிக்கொண்டேன். அவர் நம் லயத்து வீட்டுப் படியில் கால் வைக்கும்வரை கவுச்சி தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன்.

பிள்ளை பிறந்து இருபதாம் நாள் பால் வற்றிப்போனது. மரவள்ளிக்கிழங்கும் கீரையும் தின்ற உடம்பில் எங்கிருந்து சுரக்கும்? பிள்ளை அழுது அழுது குரலே தேய்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் நீ காட்டுக்கோழியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாய்.

"கவுச்சி வேணாம்டி. நேர்ந்துக்கிட்டேன்."

"தெரியும். புள்ள கத்துறது அதவிட நல்லாத் தெரியுது. செவுரு வழியா கேக்குதுலா."

"அவரு திரும்பி வரணும்டி."

"வரட்டும். வந்து புள்ள எங்கன்னு கேட்டா என்னத்தக் காட்டுவீங்க?"

நீ என் கையைப் பிடித்துக் காப்பை அவிழ்க்க ஆரம்பித்தாய். "உங்க ஆத்தாவுக்கு என்ன வேணும்? ஒருத்தி கவுச்சி தின்னாம கெடக்கணும், அவ்வளவுதானே? எனக்குக் கட்டுங்க. நான் கெடக்கேன்."

"நீ வேதக்காரி, ஏசுவக் கும்பிடுறவ. ஆத்தா ஒத்துக்குவாளா?"

"இந்தப் பூசணி கவுச்சிய விட்டுட்டான்னு கேட்டா, நம்பாம எறங்கி வந்து பாக்கும் உங்க ஆத்தா!"

கட்டினேன். எலும்பைச் சப்பி வெள்ளையாக்கிவிட்டுத்தான் கீழே போடுகிறவள் நீ. உன் கையில் கட்டினேன்.

உன் அப்பா துரை பங்களாவில் சமையல்காரர். துரை சுட்டுக்கொண்டு வரும் பறவைகளை வயிறு நிரப்பித் தைத்துச் சமைப்பது அவருக்குக் கைவந்த வேலை, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள் நீ. துரை வீட்டில் உள்ளே ரொட்டியும் வெண்ணெயும் வைப்பார்களாம். ரொட்டிக்கு எங்கே போவது? நீ மரவள்ளியை அவித்து மசித்தாய். ஈரலைப் பொடியாக நறுக்கினாய். சின்ன வெங்காயம், இஞ்சி, தகர டப்பாவின் அடியில் பொத்திப் பொத்தி வைத்திருந்த மிளகு. பிள்ளை பெற்றவளுக்கு என்று சுக்கும் தட்டிப் போட்டாய். காட்டுக்கோழி இலேசில் வேகாது என்று பப்பாளிக்காய்ப் பாலைத் தடவி ஊறவைத்தாய். வயிற்றைத் தைத்து, சட்டியில் இறக்கி, மூடி மேலும் தணலை அள்ளிப் போட்டுவிட்டு மத்தியானம் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தாய்.

ஆனால் காப்புக் கட்டியவள் உப்புப் பார்க்க முடியாதே. கண்ணளவில் போட்டாய். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு கை போட்டாய். உப்புக்கு அடிதடி நடந்த காலம் அது. முதல் வாய் வைத்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவ்வளவு ருசியா அண்ணி?"

"கடலையே அள்ளி உள்ள வச்சுத் தச்சிருக்கடி!"

நீ சிரித்த சிரிப்பில் பிள்ளை முழித்துக்கொண்டது. நான் தின்றேன். நீ எதிரே உட்கார்ந்து வெறும் கிழங்கை மென்றாய். சட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. "கழுத்தக் கடிங்க. எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாய். உப்புக் கரிப்புக்குச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். மறுநாள் பால் சுரந்தது. சுரந்தது கோழியாலா தண்ணீராலா என்று நாம் சண்டை போடாத நாள் இல்லை.

ஒரு வருஷம் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து இல்லை. உடம்பு வற்றி, பேரில் மட்டும்தான் பூசணி மிச்சம். நான் கோழி பிடித்து ரசம் வைத்துக் கொண்டுவந்தேன். நீ வாயை இறுக்கி மூடிக்கொண்டாய்.

"அண்ணன் வரட்டும்."

"காப்ப எங்கிட்டக் குடுத்துடு. நான் இருந்துக்கிறேன்."

"புள்ள இன்னும் பால் குடிக்குது. போங்க அண்ணி." கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய்.

காப்போடுதான் உன்னைப் புதைத்தார்கள். உபதேசியார் அவிழ்க்கக் குனிந்தார், நான்தான் வேண்டாம் என்றேன். அந்த ரசத்தைக் குடித்திருந்தால் பிழைத்திருப்பாயோ என்று எத்தனையோ நாள் என்னையே போட்டு வதைத்துக்கொண்டேன். பிள்ளை வந்து மடியில் விழுந்தால் நின்றுவிடும். நன்றாக ஓடுகிறாள். உன் வீட்டுக் கதவைத் தட்டி, "அத்தே" என்று கூப்பிட்டுவிட்டு ஓடி வருகிறாள்.

நேர்த்தி உன்னோடு மண்ணுக்குள் போனதா, என்னிடம் திரும்பி வந்ததா, எனக்குத் தெரியவில்லை. அதனால் நீ போனதில் இருந்து நானும் கவுச்சி தொடவில்லை. இன்றைக்கும் உப்புப் பார்க்காமல்தான் தைத்து வைத்திருக்கிறேன். கரித்தால் அவர் பொறுத்துக்கொள்வார்.

நாளைக்கு அவர் படியில் கால் வைத்ததும் எல்லாம் முடிந்துவிடும். எங்கள் பக்கம் போனவர்களுக்கு இலை போட்டுப் படைப்போம். உங்கள் ஆட்களுக்கு அந்த வழக்கம் இல்லை என்பாய். என் நேர்த்தியைக் கேட்காமலே பிடுங்கிக்கொண்டவள்தானே நீ, என் இலையை மட்டும் வேண்டாம் என்பாயா? முதல் இலை உனக்கு, அடுத்ததுதான் அவருக்கு. கழுத்தும் இறக்கையும் உனக்கே வைக்கிறேன். இனி யாருக்காகவும் நீ வாயைக் கட்ட வேண்டியதில்லை.

இப்போதாவது சாப்பிடுவாயாடி?